சொந்த ஊர் நினைவுகளை எழுதத் தொடங்குவது எப்படி? மொய் நோட்டிலிருந்து முதல் பத்தி வரை

சொந்த ஊரைப் பற்றி எழுத உட்காரும் பலர் முதல் வரியிலேயே தலவரலாற்றுக்குப் போய்விடுகிறார்கள். இல்லையென்றால் "அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தோம்" என்று ஆரம்பித்து, இரண்டாம் பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லாமல் நோட்டை மூடிவிடுகிறார்கள். கோயிலின் கதையைக் கோயிலில் விற்கும் புத்தகமே சொல்லும். ஒற்றுமையாக இருந்தோம் என்பதை எந்த ஊர்க்காரரும் சொல்லலாம். உங்களுக்கு மட்டும் தெரிந்தது உங்கள் தெருவும் அதில் நடந்த சில்லறைச் சமாச்சாரங்களும்தான். அதைத்தான் எழுத வேண்டும்.

உதாரணத்துக்கு என் ஊரான கோவில்பட்டியை எடுத்துக்கொள்கிறேன். கரிசல் மண், தீப்பெட்டி, கடலைமிட்டாய், பஞ்சாலை, கூடவே தீராத தண்ணீர்க் கஷ்டம். உங்கள் ஊர் மன்னார்குடியாக இருக்கலாம், ஆம்பூராக இருக்கலாம். செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்.

படி 1: தெருவை வரையுங்கள்

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். உங்களுக்குப் பத்து வயது இருக்கும்போது குடியிருந்த தெருவை ஒரு கோடாகப் போட்டு, இரண்டு பக்கமும் வீடுகளைக் கட்டம் கட்டமாக வரையுங்கள். ஓவியம் வராது என்று தயங்க வேண்டாம், கட்டம் வரைய ஓவியம் எதற்கு?

ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். பெயர் ஞாபகம் இல்லையென்றால் தெரு வைத்த பெயரை எழுதுங்கள்: தபால்காரர் வீடு, வேப்பமரத்து வீடு, டெய்லர் அண்ணாச்சி கடை. அப்புறம் அடிகுழாய், விளக்குக் கம்பம், பந்து விழுந்தால் திரும்பி வராத மாடி, நாய் படுத்திருக்கும் திண்ணை எல்லாவற்றையும் குறியுங்கள். ஞாபகம் வராத கட்டத்தில் கேள்விக்குறி போடுங்கள். யாருக்கு போன் போட வேண்டும் என்பதை அந்தக் கேள்விக்குறிகளே சொல்லிவிடும்.

இதே தாளில் இன்னொன்றையும் குறியுங்கள். ஊரில் நீங்கள் போகவே போகாத தெரு எது? யாரும் தடுத்ததாக நினைவிருக்காது, ஆனால் போயிருக்க மாட்டீர்கள். அதை இப்போதைக்குக் குறித்து மட்டும் வையுங்கள். ஆறாம் படியில் தேவைப்படும்.

படி 2: பரணிலும் பீரோவிலும் தேடுங்கள்

நினைவு தடுமாறும். வீட்டில் கிடக்கும் காகிதமும் பாத்திரமும் அவ்வளவாகத் தடுமாறாது.

முதலில் தேட வேண்டியது மொய் நோட்டு. கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவு எழுதினார்கள் என்று ஒரு குடும்பத்தின் முழு உறவும் வரிசையாக இருக்கும். கழுகுமலை, எட்டயபுரம், கடம்பூர், சாத்தூர் என்று ஊர்களைப் படித்துக்கொண்டே வந்தால் உங்கள் குடும்பத்தின் உலகம் எதுவரை நீண்டது என்று தெரிந்துவிடும். 11 ரூபாய் எழுதியவர் யார், 101 எழுதியவர் யார், பணத்துக்குப் பதில் பித்தளைக் குத்துவிளக்கு கொடுத்தது யார்? ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் மொய் நோட்டை விரித்துக் காட்டினால் போதும், நீங்கள் கேள்வியே கேட்க வேண்டாம். "இவன் ரெண்டு தடவை சாப்பிட்டுட்டு அஞ்சு ரூவா எழுதினவன்" என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்தது பாத்திரங்கள். பழைய எவர்சில்வர் குடத்தையும் தூக்குச்சட்டியையும் திருப்பிப் பாருங்கள். பாத்திரக்கடையில் பேர் வெட்டித் தந்திருப்பார்கள்: கொடுத்தவர் பெயர், சில சமயம் தேதியும். யாருடைய வளைகாப்பு எந்த வருடம் என்ற குடும்பச் சண்டை ஒரு தூக்குச்சட்டியின் அடியில் தீர்ந்துபோவது உண்டு.

இன்லேண்டு லெட்டர்களில் அஞ்சல் முத்திரையை முதலில் பாருங்கள், பிறகு விலாசத்தை, கடைசியாக விஷயத்தை. பழைய ரேஷன் கார்டில் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று தெரியும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதி போட்டது பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்ட வாத்தியார்தான்.

கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கடைப் பில் எதையும் குப்பை என்று தள்ளாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த தொகுப்பிலிருந்துதான் சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகம் உருவானது.

படி 3: வருடத்தைப் பிடியுங்கள்

"ஒரு நாள்", "அப்போதெல்லாம்" என்று எழுதிக்கொண்டே போனால் வாசிப்பவருக்குப் பிடிமானம் கிடைக்காது. ஆனால் நாள் தேதி யாருக்கு நினைவிருக்கும்? அதனால் ஊரறிந்த ஒரு சம்பவத்தைப் பக்கத்தில் நிறுத்தி, "அதற்கு முன்பா, பின்பா?" என்று கேட்டுப் பாருங்கள்.

எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. இந்திரா காந்தி கொல்லப்பட்டது 1984 அக்டோபர் 31. அந்த நாட்களில் எங்கே இருந்தோம் என்பது அநேகமாக எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பள்ளியில் சத்துணவு சாப்பிட்ட நினைவு என்றால் 1982 ஜூலைக்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி இருக்கும் வீட்டில் தெருவே கூடி ராமாயணம் பார்த்தது என்றால் 1987, 88. அண்ணன் பி.யு.சி. (கல்லூரியில் படித்த புகுமுக வகுப்பு) படித்தாரா, பிளஸ் டூ படித்தாரா? பிளஸ் டூ வந்தது 1978இல். அரையணா, காலணா பேச்சு வந்தால் அது நயா பைசா வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்கலாம். இதில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. காசு மாறிய பிறகும் வெகுகாலம் வாய் அணாக் கணக்கையே சொல்லிக்கொண்டிருந்தது.

பெரிய சம்பவம் மட்டும்தான் என்றில்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் என்ன எழுதியிருந்தது? எங்கள் பக்கம் 'கட்டபொம்மன்' என்று இருந்தால் அது 1974க்கும் 1997க்கும் நடுவே. கோவைப் பக்கம் சேரன், மதுரைப் பக்கம் பாண்டியன். 1997இல் எல்லாம் ஒரே அரசுப் போக்குவரத்துக் கழகப் பெயருக்கு வந்துவிட்டன. கடித உறையில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று கோவில்பட்டி விலாசம் எழுதியிருந்தால் பெரும்பாலும் 1986 அக்டோபருக்கு முன்னால். 'சிதம்பரனார் மாவட்டம்' என்றால் அதற்குப் பிறகு, 1997 வரை. அப்புறம்தான் தூத்துக்குடி மாவட்டம். விலையும் உதவும்: தீப்பெட்டி ஒரு ரூபாய்க்கு விற்றது 2007 முதல் 2021 நவம்பர் வரை. டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய்.

இது எதுவும் பிடிபடவில்லை என்றால் வீட்டுப் பெண்கள் வைத்திருக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. "அப்போ யார் கைப்பிள்ளை?" என்று கேளுங்கள். "ஒன் சித்தி வயித்துல இருந்தா, பங்குனித் தேருக்குப் போக முடியல" என்று மாதமும் வருடமும் சேர்ந்தே வரும்.

படி 4: கேட்கும் விதம்

"ஆச்சி, அந்தக் காலத்துல வாழ்க்கை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல, கஷ்டந்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கையால் செய்த வேலையைக் கேளுங்கள்.

"ஆச்சி, காலையில எந்திரிச்சதும் மொத வேலை என்ன?"

"எங்கய்யா எந்திரிக்க? தண்ணி வர்ற அன்னைக்கு ராத்திரி தூங்கவே மாட்டோம். குடத்தை வரிசையில போட்டுட்டுக் குழாயடியிலயே கிடப்போம். ஒன் அம்மை மடியில தூங்குவா. ஒரு நா எம் பின்னால நின்னவ எங்குடத்தைத் தள்ளிட்டா..."

இனி நீங்கள் பேசக் கூடாது. போனில் ரெக்கார்டிங் போடுவதை முன்பே சொல்லி, சரி என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். கீரை ஆய்வது, உளுந்து புடைப்பது என்று கை ஏதாவது வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக ஓடும். ஒரே விஷயத்தை மாமா ஒருவிதமாகவும் சித்தி வேறுவிதமாகவும் சொல்வார்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுக்கு வேண்டாம். இரண்டையும் எழுதிவிடுங்கள். அவர்கள் முரண்படும் இடத்தில்தான் பெரும்பாலும் உண்மையான கதை இருக்கிறது.

படி 5: ஒரே ஒரு வேலையை எழுதுங்கள்

முதல் பத்திக்கு ஊர் வேண்டாம், தெருகூட வேண்டாம். ஒருவர் ஒரு வேலை செய்வதைப் பார்த்தபடி எழுதுங்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நடந்த தீப்பெட்டி ஒட்டும் வேலையை எடுத்துக்கொண்டால் இப்படி வரும்:

"விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெரியம்மா நடுவீட்டில் சாக்கை விரித்து, பசைத்தட்டை முன்னால் வைத்துக்கொள்வார். மைதாப் பசை. மயில்துத்தம் போட்டது என்பதால் சின்னப் பிள்ளைகளைக் கிட்டே விட மாட்டார். நீலத்தாளில் விரலால் ஒரு இழுப்பு. மரப்பட்டையை அதில் வைத்து மடக்க ஒரு திருப்பு. ஓரம் ஒட்ட ஒரு அமுக்கு. பெட்டி சுளகில் விழும்போது கை அடுத்த தாளுக்குப் போயிருக்கும், கண் டிவியில் இருக்கும். 144 பெட்டி ஒரு குரோசு. எத்தனை ஆச்சு என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார், எண்ணிக்கை விட்டுப்போகும் என்று தலையை மட்டும் ஆட்டுவார்."

பாசம், உழைப்பு, தியாகம் என்று ஒரு வார்த்தை இதில் இல்லை. நீங்களும் முதல் வரைவில் இந்த வகைச் சொற்களை அடித்துவிட்டுப் பாருங்கள், பத்தி இன்னும் நிற்கிறதா என்று தெரியும். இன்னொன்று, தொழிலில் இருப்பவர்கள் சொன்ன சொல்லை மாற்றாதீர்கள். எங்கள் ஊரில் அது தீப்பெட்டி ஆபீஸ்தான், தொழிற்சாலை என்று யாரும் சொன்னதில்லை. குச்சியைச் சட்டத்தில் வரிசையாக வைப்பது 'கட்டை அடுக்குவது'. எழுத்துக்காக இதை நாகரிகமாக்கினால் ஊர் காணாமல் போய்விடும்.

படி 6: கசப்பை விட்டுவிடாதீர்கள்

மேலே உள்ள பத்தி அழகாக இருக்கிறது, அதனாலேயே அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதே ஊரில் விடியும் முன் கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள் வந்தன. தீப்பெட்டித் தொழிலில் சிறுவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1986இல் சட்டம் வந்தது. வந்த மறுநாளே எல்லாம் நின்றுவிடவில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒரு லீவுக்குப் பிறகு வராமல் போனது உங்களுக்கு நினைவிருந்தால், அதையும் அதே நிதானத்தோடு எழுதுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம்.

முதல் படியில் குறித்து வைத்த அந்தத் தெருவை இப்போது எடுங்கள். ஏன் போகவில்லை? அங்கிருந்து யார் உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தார்கள்? வந்தவர்கள் எதுவரை வந்தார்கள், வாசலா, கொல்லைப்புறமா? டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே கிளாஸா? அல்லது நீங்களே அந்தத் தெருக்காரர் என்றால், ஊரின் மற்ற தெருக்கள் உங்களுக்கு எப்படித் தெரிந்தன? ஊர் நினைவு என்று வெளிவரும் எழுத்துகளில் பாதி இந்தக் கேள்விகள் பக்கமே போவதில்லை. என் அபிப்பிராயத்தில் இது இல்லாத ஊர்க்கதை பாதிக் கதைதான்.

படி 7: பெயர்களும் பத்திரமும்

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதினால் பெயரை மாற்றுங்கள், அல்லது கேட்டுவிட்டு எழுதுங்கள். கடன், காதல், ஓடிப்போனது, சொத்துச் சண்டை இவையெல்லாம் வீட்டுக்கு மட்டுமான பிரதியில் இருக்கட்டும், வெளியே போகும் பிரதியில் வேண்டாம்.

டைப் செய்வதை யூனிகோடிலேயே செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை இன்று திறந்தால் புரியாத குறிகள்தான் வரும். பழைய போட்டோவின் பின்னால் பெயர் எழுத பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்.

பத்துப் பக்கம் சேர்ந்ததும் அச்செடுங்கள். வலது ஓரத்தில் நாலு விரல் இடம் விட்டு அச்செடுத்து, ஊரில் இருக்கும் அத்தை வீட்டுக்கோ மதினி வீட்டுக்கோ ஒரு பேனாவோடு கொடுத்து அனுப்புங்கள். போனில் பி.டி.எஃப் அனுப்பினால் "சூப்பர்" என்று மட்டும் பதில் வரும். காகிதத்தில் கொடுத்தால் ஓரமெல்லாம் திருத்தத்தோடு திரும்பி வரும். 'இது வடக்குப் பார்த்த வீடு', 'அவர் தபால்காரர் இல்லை, தந்தி ஆபீஸ்', 'அன்னைக்கு நானும் இருந்தேன், என்னை ஏன் எழுதவில்லை?' அந்தத் திருத்தங்களை அவர்கள் எழுதிய வார்த்தைகளிலேயே, யார் சொன்னது என்று குறித்து, அந்தந்தப் பத்திக்குக் கீழே டைப் செய்து சேர்த்துவிட்டு, தெருப் படத்தில் அடுத்த வீட்டுக் கட்டத்துக்குப் போங்கள்.