ராலி காருக்கு நாமே செய்யும் பேடில் ஷிஃப்டர்: கியர் பாக்ஸிலிருந்து தொடங்குங்கள்

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், விரலால் தகட்டை இழுத்து கியர் மாற்றும் ஏற்பாடுதான் பேடில் ஷிஃப்டர். அதைச் செய்யப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் வெட்டுவது ஸ்டியரிங்குக்குப் பின்னால் வரும் அந்தத் தகட்டைத்தான். அது ஒரு மாலையில் முடிகிற வேலை. ஸ்டியரிங்கில் இருப்பது வெறும் ஸ்விட்ச். கியரை மாற்றுவது வண்டியின் இன்னொரு முனையில் உட்கார்ந்திருக்கும், காற்றழுத்தத்தால் தண்டைத் தள்ளி இழுக்கும் ஏர் சிலிண்டர். அதனால் இந்தச் செய்முறையை அந்த முனையிலிருந்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டி இதற்கு ஒத்துவருமா என்று பாருங்கள். லீவர் முன்னும் பின்னும் மட்டும் போகும் சீக்வென்ஷியல் கியர் பாக்ஸ் வேண்டும். சாதாரணக் காரில் இருக்கும் எச் வடிவ கியருக்கு இந்த முறை சரிப்படாது. பைக்குகளில் இருப்பது எல்லாமே சீக்வென்ஷியல்தான். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் கொண்டுவரும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் பைக் இன்ஜின்தான் ஓடுகிறது. நான் இங்கே சொல்வதும் அப்படி ஒரு வண்டியை வைத்துத்தான்: குழாய்ச் சட்டத்தில் கட்டிய, மண் தடத்தில் ஓடும் சின்ன ராலி கார், இன்ஜின் பழைய கேடிஎம் 390 டியூக் பைக்கின் 373 சிசி, ஆறு கியர். பெரிய ராலி கார்களின் சீக்வென்ஷியல் பாக்ஸுக்கும் தத்துவம் இதேதான். விசை மட்டும் கூடும்.

இன்னொன்று. போட்டியில் ஓட்டுவதாக இருந்தால் விதிப் புத்தகத்தை இப்போதே படித்துவிடுங்கள். 1989ல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 காரில் நைஜல் மேன்செல் பிரேசில் பந்தயத்தை வென்ற பிறகு ஃபார்முலா ஒன் முழுவதும் படிப்படியாக பேடிலுக்கு மாறியது. ராலியில் கதை வேறு. உலக ராலியின் உச்சப் பிரிவில் பேடில் வந்தது, போனது, மறுபடி வந்தது; 2022ல் வந்த ராலி1 கார்களில் மறுபடியும் கை லீவர்தான். உங்கள் பிரிவில் அனுமதி இல்லையென்றால் பயிற்சி வண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 1: விசையை அளப்பது

மார்க்கெட்டில் காய் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். கியர் ஷாஃப்டில் ஒரு சின்ன லீவரைப் பொருத்தி, ஷாஃப்ட் மையத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி ஒரு துளை போடுங்கள். அதில் தராசை மாட்டி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, லீவருக்குச் செங்குத்தாக இழுங்கள். கியர் விழும் நொடியில் முள் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். மேல் கியருக்குப் பத்து முறை, கீழ் கியருக்குப் பத்து முறை. எங்கள் வண்டியில் அதிகபட்சம் 14 கிலோ காட்டியது. ஓடும்போது இதைவிடக் கூடுதலாக வேண்டும் என்பதால் இரட்டிப்பாக, 28 கிலோ என்று வைத்துக்கொண்டோம். லீவரின் நுனி நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நகர்கிறது என்பதையும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எங்களுக்கு 15 மி.மீ.

இப்போது சிலிண்டர். 25 மி.மீ. உள்விட்டம் (போர்) உள்ள, இரு பக்கமும் காற்றால் இயங்கும் டபுள் ஆக்டிங் சிலிண்டர் 6 பார் அழுத்தத்தில் தள்ளும்போது ஏறக்குறைய 30 கிலோ கொடுக்கும். இழுக்கும்போது நடுவில் 10 மி.மீ. தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால் 25 கிலோதான். ஆகவே உங்கள் அளவில் எந்தப் பக்கம் கடினமோ அந்தப் பக்கத்துக்குத் தள்ளும் விசை வருமாறு பொருத்துங்கள். தண்டு மொத்தம் 50 மி.மீ. நகரும் (ஸ்ட்ரோக்) சிலிண்டராக வாங்கி, தண்டு பாதி வெளியே இருக்கும் நிலையில் லீவரோடு இணைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு போல்ட்டும் லாக் நட்டும் வைத்து ஸ்டாப்பர் கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் மிச்ச விசை முழுவதும் பாக்ஸுக்குள் கியர்களை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்கின் மேல் போகும்.

படி 2: வால்வு

புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சீக்வென்ஷியல் லீவர் ஒவ்வொரு முறையும் நடுவுக்குத் திரும்பி வந்தால்தான் அடுத்த கியர் விழும். திருப்பிக் கொண்டுவருவது கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கை வேலை செய்ய விட வேண்டும் என்றால், மாற்றி முடித்ததும் சிலிண்டரின் இரண்டு பக்கமும் காற்று இல்லாமல் இருக்க வேண்டும்.

வால்வு வாங்கப் போனபோது கடைக்கார அண்ணன், "5/3 வால்வுன்னா சென்டர் க்ளோஸ்டா, சென்டர் எக்ஸாஸ்டா தம்பி?" என்று கேட்டார். 5/3 என்றால் ஐந்து துளை, மூன்று நிலை. மற்ற இரண்டின் வித்தியாசம் தெரியாமல் கையில் கிடைத்த க்ளோஸ்டை வாங்கி வந்துவிட்டேன். முதல் கியர் அழகாக விழுந்தது. அடுத்து பேடிலை எத்தனை முறை இழுத்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. வால்வு நடுநிலைக்கு வந்ததும் உள்ளே இருந்த காற்றைப் பூட்டிவிட்டது. லீவர் சாய்ந்தபடியே நின்றது. இரண்டு நாள் மின்சுற்றையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். சிலிண்டரின் ட்யூபைக் கழற்றியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறி லீவர் டக்கென்று நடுவுக்கு வந்தது. அப்போதுதான் விளங்கியது.

எனவே நடுநிலையில் காற்றை வெளியே விட்டுவிடும் சென்டர் எக்ஸாஸ்ட் 5/3 வால்வு, 12 வோல்ட் காயிலுடன் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண நிலையில் மூடியிருக்கும் 3/2 (மூன்று துளை, இரண்டு நிலை) வால்வு இரண்டு வாங்கி, பக்கத்துக்கு ஒன்றாக வைத்தாலும் அதே வேலை நடக்கும். வால்வை சிலிண்டரை ஒட்டியே வையுங்கள். ட்யூப் நீண்டால் கியர் தாமதமாகும்.

படி 3: காற்று

டயருக்குக் காற்றடிக்கும் தரமான 12 வோல்ட் கம்ப்ரெசர், 8 பாரில் நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச், 2 லிட்டர் தொட்டி, அழுத்தத்தைக் குறைத்துத் தரும், 6 பாருக்கு வைத்த ரெகுலேட்டர். தொட்டி 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்குவதற்குள் எங்கள் சிலிண்டருக்கு 25 முதல் 30 முறை கியர் மாறும் என்பது கணக்கு. ராலி ஸ்டேஜ் (நேரம் குறித்து ஓட்டும் ஒரு பகுதி) ஒன்றில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். கம்ப்ரெசர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் காற்றோட்டமான இடம் வேண்டும். தொட்டி அழுத்தத்துக்கென்றே செய்த உலோகத் தொட்டியாக, சேஃப்டி வால்வோடு இருக்கட்டும். பிவிசி குழாயைத் தொட்டியாக்கும் யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெடித்தால் கத்தித் துண்டுகளாகச் சிதறும்.

படி 4: மின்சுற்று

பேடில் ஸ்விட்சிலிருந்து வயர் ஆர்டுயினோவுக்கு (நாம் நிரல் எழுதும் சின்னக் கணினிப் பலகை), அங்கிருந்து மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணு ஸ்விட்ச்) வழியாக வால்வு காயிலுக்கு. ஒவ்வொரு காயிலின் குறுக்கேயும் ஒரு 1N4007 டயோடு. காயில் அணையும்போது எழும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டை எரித்துவிடாமல் அது காப்பாற்றும்.

மேல் கியருக்கு இன்ஜின் இழுவையை ஒரு கணம் விட வேண்டும். தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை ரிலேயால் 60 மில்லி செகண்ட் துண்டித்தோம். வால்வு 120 மில்லி செகண்ட் திறந்திருக்கும். அதன்பின் 150 மில்லி செகண்ட் வேறு எந்தக் கட்டளையும் ஏற்காது. இவை தொடக்க எண்கள்தான், உங்கள் வண்டியில் ஓட்டி ஓட்டித் திருத்துங்கள். ரிலேயில் சாதாரண நிலையில் மூடியிருக்கும் முனையைப் பயன்படுத்துங்கள். நம் சுற்று செத்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

மண் தடத்தின் அதிர்வில் ஸ்விட்ச் தானாகத் தொட்டு விலகும். 15 மில்லி செகண்ட் தொடர்ந்து அழுத்தியிருந்தால் மட்டும் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். கீழ் கியருக்கு இப்போதைக்குக் காலால் க்ளட்ச் மிதித்தே மாற்றுங்கள். ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சிக்னலையும் படித்து, அது அதிகமாக இருக்கும்போது கீழ் கியர் கட்டளையைத் தடுத்துவிட்டால் இன்ஜின் பிழைக்கும்.

படி 5: கடைசியாகப் பேடில்

2 மி.மீ. அலுமினியத் தகடு, ஒரு கீல், பின்னால் ஒரு மைக்ரோ ஸ்விட்ச். தகட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் சின்ன நியோடிமியம் காந்தம் ஒட்டினால், இழுக்கும்போது டக்கென்று விடும் உணர்வு கிடைக்கும். கையுறை போட்ட விரலுக்கு அந்த உணர்வு மிகவும் முக்கியம். வலது மேலே, இடது கீழே.

சுற்றும் ஸ்டியரிங்கிலிருந்து வயர் கொண்டுவர, பழைய லேண்ட்லைன் ரிசீவரின் சுருள் வயர் அருமையாக உதவும். நான்கு இழை இருக்கும், நமக்கு மூன்று போதும். உள்ளே நூலில் சுற்றிய மெல்லிய செம்பு என்பதால் சால்டர் சரியாகப் பிடிக்காது. திருகு வைத்த கனெக்டரில் இறுக்குங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, வயர் எங்கும் சிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சோதனை. பின் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, ஆள் யாரும் பின்னால் நிற்காமல், இன்ஜினை அணைத்த நிலையில் ஐம்பது முறை, சக்கரத்தை யாராவது முன்பக்கமிருந்து சுற்றிவிட. பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஐம்பது முறை. அதன் பிறகே தரையில், முதல் மூன்று கியருக்குள். பைக் பாக்ஸில் நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் அதைக் காற்றால் பிடிப்பது கடினம். அதற்காகவும், தடத்தின் நடுவில் காற்று தீர்ந்தால் வீடு வந்து சேரவும், கை லீவரைக் கழற்றாமல் அப்படியே வைத்திருங்கள். ஓட்டி முடித்த ஒவ்வொரு நாளும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.