திரும்பத் திரும்ப வந்த கண்கட்டி

ஒன்று ஆறினால் அடுத்தது கிளம்பும். அம்மா நாமக்கட்டியை இழைத்துப் பூசுவார், குளுமைதான் மிச்சம். இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொள்வதுதான் காரணம் என்றார் கண் டாக்டர். ஒவ்வொரு இமையிலும் 20-க்கு மேல் இருக்கிறதாம்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, பொறுக்கிற சூட்டில், மூடிய கண்மேல் 10 நிமிடம் வைக்கச் சொன்னார். துணி குளிர்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும். சூடு விட்டால் பயனில்லை. உறைந்த எண்ணெய் இளகியதும் இமைமுடியை நோக்கி மெல்ல நீவிவிட்டேன். காலை, மாலை இதேதான். பிதுக்கவே கூடாது (பிதுக்கச் சொல்ல ஆள் நிறைய உண்டு).

ஒரு கட்டி மட்டும் வலியில்லாமல் கெட்டியாக நின்றுவிட்டது. மரத்துப்போக ஊசி போட்டு, இமையின் உட்புறமாகக் கீறி, சுரண்டி எடுத்தார்கள். தையல் இல்லை. புதிதாக எதுவும் வரவில்லை. ஒத்தடத்தை மட்டும் விடவில்லை.