மனநல டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை

இருபது வயதுப் பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் கிடந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். ஆனால் "மனசு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. தூக்கம், வேலை, கடன், வீடு நான்கையும் எழுதிக் கொண்டுபோங்கள். ஒரு மாலையில் முடிகிற வேலைதான்.

அதற்கு முன், "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தாளை ஓரம் வைத்துவிட்டு, கூடவே இருங்கள். எலி மருந்து, பூச்சி மருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். விஷமோ மாத்திரையோ சாப்பிட்டிருந்தால் உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தூக்கத்திலிருந்து தொடங்கலாம், அதைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போகிறவர் என்றால் கம்பெனி பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு எழுகிறார் என்பதையும் குறியுங்கள். வேலையில், கைக்கு வரும் சம்பளமும் ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்த நாட்களும் முக்கியம்.

கடன்தான் கடைசியில் வெளியே வரும். "மொத்தம் எவ்வளவு?" என்றால் குறைத்தே சொல்வார்கள். "இந்த வாரம் யாருக்குக் கட்டணும்?" என்று கேளுங்கள், குழு லோன், தண்டல் (தினவசூல் கடன்), அடகு, போன் ஆப் கடன் என்று ஒவ்வொன்றாக வரும். யாருக்கு, எவ்வளவு, எந்தக் கிழமை என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். குழு லோன் தரும் மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனங்கள் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. மீறினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448. தண்டல்காரருக்கு இந்த விதி கிடையாது. அநியாய வட்டி என்றால் 2003 கந்துவட்டித் தடைச் சட்டப்படி போலீசில் புகார் கொடுக்கலாம்.

வீட்டு விஷயத்தை வீட்டில் வைத்துக் கேட்காதீர்கள். குடி, அடி, கட்டாயக் கல்யாணம், சம்பளத்தை மொத்தமாகப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் தனியாக இருக்கும்போதுதான் வாயில் வரும்.

வேலூர் பக்கம் என்றால், தாளோடு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையத்துக்கோ போகலாம். பலர் பாதியில் நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் டாக்டரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். எந்த நாளில் லீவு கிடைக்கும், பஸ் செலவு எவ்வளவு என்பதையும் தாளின் அடியில் எழுதி, அதற்கேற்ற தேதியை டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள். மாத்திரை அட்டை வீட்டுப் பெரியவர் கையில் இருக்கட்டும்.