கீமோவுக்கு மறுநாள் போடும் வெள்ளணு ஊசி: வீட்டில் போடுவது எப்படி?

அம்மாவுக்கு முதல் கீமோ முடிந்து கோவையிலிருந்து கோபிக்குப் பஸ் ஏறியபோது, என் மடியில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி. உள்ளே ஐந்து ஊசிகள். "நாளைக்குச் சாயங்காலத்திலிருந்து தினம் ஒண்ணு, நீங்களே போட்டுடலாம்" என்று சிஸ்டர் செய்தும் காட்டியிருந்தார். வீடு வந்து சேர்வதற்குள் பாதி மறந்துவிட்டது. அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டதை இங்கே எழுதுகிறேன். வீட்டில் போடலாம் என்று உங்கள் டாக்டர் சொல்லி, ஒரு நர்ஸ் முன்னால் நீங்கள் ஒருமுறை போட்டுக் காட்டிய பிறகு மட்டுமே இதன்படி செய்யுங்கள்.

எதற்கு இந்த ஊசி?

வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ அழிக்கும். புற்றுநோய் செல்லோடு சேர்ந்து, எலும்பு மஜ்ஜையில் உருவாகிற வெள்ளணுக்களும் அடிபடும். அவற்றில் நியூட்ரோஃபில் என்ற வகைதான் கிருமி நுழைந்தவுடன் முதலில் ஓடிவருவது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500க்கு மேல் இருக்க வேண்டியது, கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் 500க்கும் கீழே போய்விடலாம். இந்த ஊசி மஜ்ஜையை முடுக்கிவிட்டு, அந்தப் பள்ளத்தைச் சீக்கிரம் நிரப்பும்.

இரண்டு வகை உண்டு. ஃபில்கிராஸ்டிம் தினமும் போடுவது. அளவு உடல் எடையைப் பொறுத்தது, கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்பது வழக்கமான கணக்கு. பெக்ஃபில்கிராஸ்டிம் ஒரு சுற்றுக்கு ஒரே ஊசி, பெரியவர்களுக்கு 6 மில்லிகிராம். முன்னது 1991இலும் பின்னது 2002இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இந்த இரண்டாவது மருந்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: நியூட்ரோஃபில் பெருகியதும், அவையே மருந்தைப் பிடித்து உடம்பிலிருந்து அகற்றிவிடும். அதனால் தேவை இருக்கும்வரை தங்கும். பெட்டியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் மொத்தக் கணக்கும் தப்பாகிவிடும்.

24 மணி நேரம் பொறுங்கள்

கீமோ முடிந்து 24 மணி நேரம் ஆவதற்குள் போடக் கூடாது. களைக்கொல்லி அடித்த வயலில் அன்றைக்கே யாரும் நாற்று நடமாட்டோம், அதே காரணம்தான். ரத்தத்தில் கீமோ இருக்கும்போது புதுச் செல்களைப் பெருகச் சொன்னால், அவையும் சேர்ந்து சாகும். கீமோ இறங்கி முடிந்த நேரத்தைப் பைலில் குறித்து வைத்துக்கொண்டு அதிலிருந்து எண்ணுங்கள்.

குளிர்ச்சி

நான் தவறு செய்தது இங்கேதான். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், சித்திரை வெயில். வீட்டுக்கு வந்த பதற்றத்தில் பெட்டியைப் பிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருந்த தட்டில் வைத்தேன். காலையில் ஒரு சிரிஞ்சில் ஐஸ் கட்டியிருந்தது. அது வீண், மறுபடி கோவைக்கு ஓடினேன்.

அதனால் நடுத்தட்டில், அட்டைப்பெட்டியோடு, பின்சுவரைத் தொடாமல் வையுங்கள். கதவில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். பயணத்தில் ஐஸ் பேக்கும் மருந்தும் ஒட்டாதபடி நடுவே ஒரு துண்டு மடித்து வைக்க வேண்டும். பகல் முழுக்கக் கரண்ட் போகிற நாளில் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். மருந்து வெளியே எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள். உறைந்ததையும் வெயில் பட்டதையும், மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ கேட்காமல் போடவே கூடாது.

போடும் முறை

1. அரை மணி நேரம் முன்பே ஊசியை வெளியே எடுத்து வையுங்கள். சுடுதண்ணீரில் வைக்காதீர்கள், குலுக்காதீர்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். மருந்து தெளிந்த நீர்போல இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

2. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மாட்டுக்கொட்டாயிலிருந்து வந்தவர் என்றால் துணியும் மாற்றிவிட்டு வாருங்கள்.

3. தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி வயிறு, அல்லது தொடையின் முன்பக்கம். தினம் இடம் மாற்றுங்கள். சிவந்த இடமும் தழும்பும் வேண்டாம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் தானாகக் காயவிடுங்கள். ஈரத்தில் குத்தினால்தான் எரியும்.

4. தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, சிஸ்டர் காட்டிய சாய்வில் ஒரே மூச்சில் ஊசியை இறக்குங்கள். மருந்தை மெதுவாகத் தள்ளுங்கள். எடுத்ததும் பஞ்சை அழுத்திப் பிடியுங்கள், தேய்க்காதீர்கள்.

எனக்குக் கை நடுங்கியது. "போடு அம்மிணி, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று அம்மாதான் தைரியம் சொன்னார்.

மூடியைத் திரும்ப மாட்ட வேண்டாம், அப்போதுதான் விரலில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, அடுத்த முறை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள்.

வலி

இரண்டாம் மூன்றாம் நாளில் இடுப்பும் முதுகும் விண்விண்ணென்று வலிக்கலாம். மஜ்ஜை வேலை செய்கிறது என்று அர்த்தம். டாக்டர் சொன்ன மாத்திரை போடலாம், ஆனால் அதற்கு முன்னால் காய்ச்சல் பார்த்தே ஆக வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். இடது விலாவுக்குக் கீழேயோ இடது தோளிலோ வலித்தால் மண்ணீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அரிது, ஆனால் உடனே காட்ட வேண்டும். மூச்சு வாங்கினாலும், முகம் வீங்கினாலும் 108ஐ அழையுங்கள்.

காய்ச்சல்

ஊசி போட்டாச்சு, இனிக் கிருமி அண்டாது என்று நினைக்காதீர்கள். ஊசி ஆபத்தைக் குறைக்கும், முழுக்க எடுத்துவிடாது. வெள்ளணு இல்லாத உடம்பில் சீழ்கூடப் பிடிக்காது, பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறியாக இருக்கும். வாயில் வைத்த தெர்மாமீட்டர் 100.4 பாரன்ஹீட் காட்டினால், நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். கசாயமும் பத்தும் போட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள், ஆன்டிபயாடிக் சீக்கிரம் நரம்பில் ஏறியாக வேண்டும்.

கோபியிலிருந்து கோவை தூரம். அதனால் முதல் சுற்றிலேயே டாக்டரிடம், "ராத்திரி காய்ச்சல் வந்தால் பக்கத்தில் எங்கே போகலாம்ங்க?" என்று கேட்டு, ஈரோடோ பெருந்துறையோ, பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கினோம். மூன்றாவது சுற்றின் ஒன்பதாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு 101 வந்தது. கதவோரம் பை தயாராக இருந்தது: கீமோ மருந்துகளின் பெயரும் தேதியும் எழுதிய தாள், கடைசி ரத்தப் பரிசோதனை, காப்பீட்டு அட்டை, ஊசி போட்ட நாள்களை நான் குறித்து வைத்த காலண்டர் தாள். பணியில் இருந்த டாக்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் மருந்தை ஏற்றச் சொன்னார்.