மூளை ஆய்வில் சேர்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஞாபக மறதி பற்றிய ஆய்வு என்றதும், "எனக்குத்தான் மறதி இல்லையே, நான் எதற்கு?" என்று ஒதுங்குகிறவர்கள் அதிகம். முதல் தவறே இதுதான். அல்சைமர் நோயில், மறதி வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியத் தொடங்கிவிடுகிறது. அந்த ஆரம்பத்தைப் பிடிக்க, நன்றாக இருப்பவர்களைத்தான் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரம் பகுதிக் கிராமங்களில் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை இப்படித்தான் தொடர்ந்து கவனித்துவருகிறது. அங்கே 10,000 பேரைச் சேர்ப்பது இலக்கு.

இப்படிப்பட்ட ஆய்வைச் சிகிச்சை என்று நினைத்துச் சேராதீர்கள். ரத்தம் எடுப்பார்கள், எம்ஆர்ஐ எடுப்பார்கள், மருந்து தரமாட்டார்கள். எந்த முடிவுகளை உங்களிடம் சொல்வார்கள், மரபணு முடிவும் அதில் உண்டா என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நினைவுச் சோதனையில் சில சொற்களைச் சொல்லி, பிறகு திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அதற்குப் போகும்போது மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். காதில் விழாத சொல்லும் மறந்த சொல்லாகவே பதிவாகிவிடும். கூட வந்த மகளோ மகனோ பதில் எடுத்துக்கொடுப்பது, போன முறை கேட்ட சொற்களை வீட்டில் மனப்பாடம் செய்வது, தூக்க மாத்திரையையும் மதுப் பழக்கத்தையும் மறைப்பது, எல்லாமே ஆய்வைக் கெடுக்கும். இது பரீட்சை இல்லை. மார்க் குறைந்தால் அவமானமும் இல்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. மறதி தலைகாட்டியதும் சிலர் கூச்சப்பட்டு ஆய்விலிருந்து நின்றுவிடுகிறார்கள். விலகுவது அவரவர் உரிமை, சரி. ஆனால் தடுமாறுகிறவர்கள் எல்லோரும் விலகிவிட்டால், மிச்சமிருப்பவர்களை வைத்து 'முதுமையில் மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை' என்ற பொய்யான முடிவுதான் கிடைக்கும். அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 1986இல் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரிகள் சேர்ந்தார்கள். இறந்தபின் மூளையைத் தரவும் சம்மதித்தார்கள். அவர்களில் 101 வயதில் இறந்த ஒருவரின் மூளையில் அல்சைமர் அடையாளங்கள் நிறையவே இருந்தன. கடைசிக் காலத்திலும் அவர் நினைவுச் சோதனைகளை நன்றாகவே செய்திருந்தார். முதுமை வந்துவிட்டதே என்று அவர் பாதியில் நின்றிருந்தால் இந்த அதிசயம் யாருக்கும் தெரிந்திருக்காது.

அதனால் சேரும்போதே வீட்டில் ஒருவரிடம் விவரம் சொல்லி, உங்களைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல அவர் பெயரைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், நடமாட முடியாமல் போனால் வீட்டுக்கே வருவார்களா, போனில் பேசினால் போதுமா என்றும் கேட்டுவையுங்கள். வீடு மாறினால் புது முகவரியைச் சொல்லுங்கள்.