சிவப்பு ஒளி சிகிச்சை: அளவறிந்து பயன்படுத்தும் முறை

சிவப்பு ஒளிக் கருவி வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் அலைநீளத்தை. 630 முதல் 660 நானோமீட்டர் வரையிலான சிவப்பொளி தோலுக்குள் சில மில்லிமீட்டர் வரை இறங்குகிறது. கண்ணுக்குப் புலப்படாத 810 முதல் 850 வரையிலான அகச்சிவப்பு ஒளி இன்னும் சற்று ஆழமாகச் செல்கிறது. உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி இந்த ஒளியை உறிஞ்சுவதால், உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்னும் மூலக்கூறின் உற்பத்தி கூடுகிறது என்பதே பரவலாக முன்வைக்கப்படும் விளக்கம். இங்கே வேலை செய்வது வெப்பம் அன்று. ஆகவே சிவப்புச் சாயம் பூசிய சாதாரண பல்பு இதற்கு உதவாது.

1960களின் பிற்பகுதியில் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகளின் தோலில் வலுக்குறைந்த ரூபி லேசரைப் பாய்ச்சியபோது முடி விரைவாக வளர்வதைக் கண்டார். பரம்பரை வழுக்கைக்கான லேசர் சீப்பு ஒன்றுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007இல் அனுமதி அளித்தது. புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் வாய்ப்புண்ணை இந்த ஒளி தடுக்கிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு, ஆனால் அது மருத்துவமனையில் செய்ய வேண்டியது. முகச்சுருக்கத்தில் கிடைக்கும் பலன் மிதமானதே. உடல் எடை குறையும் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முகத்துக்குப் பயன்படுத்துவோர் ஒப்பனையையும் சன்ஸ்கிரீனையும் கழுவித் துடைத்துவிட்டு, கண்காப்புக் கண்ணாடி அணிந்து, கையேடு குறிப்பிடும் தூரத்தில் அமர வேண்டும். நேரத்தைக் கணக்கிடுவது எளிது: அந்தத் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் ஒளி விழுந்தால், 300 விநாடிகளில் 9 ஜூல் ஆற்றல் சேரும். கருவியை ஒட்டி அளந்த எண்ணைப் பெரிதாக அச்சிடும் விற்பனையாளர்கள் பலர் என்பதால், எத்தனை அங்குலத்தில் அளந்தது என்று கேட்டு வாங்குவது நல்லது. அளவு மீறினால் பலன் கூடுவதற்குப் பதிலாகக் குறையவும் கூடும் என்பதால், ஐந்து நிமிடத்தை அரை மணியாக நீட்டுவதில் பொருளில்லை. வாரத்தில் மூன்று முதல் ஐந்து முறை வீதம் இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ந்த பிறகே மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிக்கு இதைவிட அதிகப் பொறுமை தேவை.

மங்கு எனப்படும் முகக் கருந்திட்டு உள்ளவர்களுக்கு ஒளியும் சூடும் கருமையைக் கூட்டக்கூடும். லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும், ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஆறாத புண்ணோ நிறமும் வடிவமும் மாறும் மச்சமோ இருந்தால், அதன்மேல் ஒளியைப் பாய்ச்சாமல் முதலில் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.