ஒலிவியா டி ஹாவிலண்டைப் பற்றி எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன மாதம் புதிதாக எழுத வந்த நாலைந்து பேர், ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டைப் பற்றிய கட்டுரைகளைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகள் வரிசையாக வந்து நின்றன. எழுத்துப்பிழை, பெயர்க் குழப்பம் எல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

துணை நடிகை

‘கான் வித் த விண்ட்’ (1939) படத்தின் மெலனி வேடத்துக்காக ஆஸ்கரின் ‘சிறந்த துணை நடிகை’ பிரிவில் அவர் பெயர் பரிந்துரையில் இருந்தது. அதை வைத்து அவரைத் ‘துணை நடிகை’ என்று எழுதாதீர்கள். நம் ஊர்ச் செய்திகளில் அந்தச் சொல்லைப் படித்தால் சின்னச் சின்ன வேடத்தில் வந்து போகிறவர் என்றுதான் தோன்றும். மெலனி அந்தக் கதையின் தூண்களில் ஒருத்தி. விருது அதே படத்தில் நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்குப் போனது.

டோக்கியோ

1916இல் அவர் பிறந்த ஊர், அவ்வளவுதான். பெற்றோர் ஆங்கிலேயர். அவரை ஜப்பானியர் என்று எழுதிவிடாதீர்கள்.

சம்பளத்துக்காக வழக்கு

‘சம்பள உயர்வு கேட்டு வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ மீது வழக்குப் போட்டு ஜெயித்தார்’ என்று ஒரு தொகுப்பு நூலில் நானே எழுதினேன். புத்தகம் வெளிவந்த பிறகு, வழக்கறிஞரான வாசகர் ஒருவர் போனில் கூப்பிட்டு, “சார், தீர்ப்பைப் படிச்சீங்களா?” என்று கேட்டார். படிக்கவில்லை. அப்புறம் கையிருப்பில் இருந்த பிரதிகளிலெல்லாம் திருத்தச் சீட்டு ஒட்டினோம். அதற்குள் விற்றுப்போனவற்றை என்ன செய்ய முடியும்? போன மாதக் கட்டுரைகளில் இரண்டில் அதே வரியைப் பார்த்ததும் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

நடந்தது இதுதான். அவருடையது ஏழு வருட ஒப்பந்தம். கொடுத்த வேடத்தை மறுத்தால் ஸ்டூடியோ சம்பளமில்லாமல் நிறுத்தி வைக்கும். நிறுத்தி வைத்த நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துவிடும். மறுக்க மறுக்க, வெளியே வரும் நாள் தள்ளிப்போகும். 1943இல் ஏழு வருடம் முடிந்தபோது, இன்னும் சுமார் ஆறு மாதம் பாக்கி என்றது ஸ்டூடியோ. கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2855ஆம் பிரிவோ, யாரையும் ஏழு வருடத்துக்கு மேல் இப்படிக் கட்டிவைக்க முடியாது என்கிறது. அந்த ஏழு வருடம் காலண்டர் கணக்கா, வேலை செய்த நாட்களை மட்டும் கூட்டும் கணக்கா? வழக்கின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருந்தது. காலண்டர் கணக்குதான் என்று 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1945 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. இன்றும் அந்தப் பிரிவை ‘டி ஹாவிலண்ட் சட்டம்’ என்றே சொல்கிறார்கள்.

சம்பளம் என்று எழுதினால் இந்த நாட்கணக்கு மறைந்துவிடுகிறது. அவர் எதைப் பணயம் வைத்தார் என்பதும் மறைந்துவிடுகிறது. வழக்கு நடந்த காலத்தில் வேறு ஸ்டூடியோக்கள் அவரை எடுக்கவில்லை. அதே நிறுவனத்தோடு மோதி 1936இல் லண்டன் நீதிமன்றத்தில் நடிகை பெட்டி டேவிஸ் தோற்றிருந்தார். அதெல்லாம் தெரிந்தும் ஒரு பெண் போய் நின்றார் என்றால், நாம் அந்தக் காரணத்தையாவது சரியாக எழுத வேண்டாமா?

நடிகர்களையும் தியேட்டர்களையும் பெரிய ஸ்டூடியோக்களே கையில் வைத்திருந்த ‘ஸ்டூடியோ முறையையே ஒழித்தார்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் வேண்டாம். பெரிய ஸ்டூடியோக்களின் கையிலிருந்த தியேட்டர்களைப் பிரிக்க வைத்தது 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த பாரமவுண்ட் தீர்ப்பு.

தங்கை

ஜோன் ஃபான்டெய்னோடு இருந்த மனக்கசப்புக்கு ஒரு பத்தி போதும்.

விருது வருடம்

சிறந்த நடிகைக்கான இரண்டு ஆஸ்கரும் அந்த வழக்குக்குப் பிறகு வந்தவை, 1946, 1949 படங்களுக்கு. விழா நடந்தது 1947, 1950இல். எந்த வருடத்தைச் சொல்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

பாரிஸோடு முடிப்பது

1950களில் பாரிஸில் குடியேறினார் என்றதும் பலர் கட்டுரையை மூடிவிடுகிறார்கள். 1965இல் கான் திரைப்பட விழா நடுவர் குழுவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். 104 வயது வரை, 2020 ஜூலை வரை இருந்தார். 101ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், ஒரு தொலைக்காட்சித் தொடர் தன்னைச் சித்தரித்த விதத்தை எதிர்த்து மறுபடியும் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார். 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அதையும் எழுதுங்கள்.